சரிந்து கிடந்த கம்பளம்

1976 ஆகஸ்ட் 18, புதன்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். சவரம், தேநீர், இரண்டு துண்டு பாண். 7.12 ரயிலில் பரமட்டா. எட்டு மணிக்கு அலுவலகத்தில் வரைபலகையைத் துடைத்து, பென்சில்களைச் சீவினேன்.

அன்று முடிக்க வேண்டியது, இங்கே குடியேறிய துருக்கியரின் பள்ளிவாசல் வரைபடம். அவர்கள் ஒரு பழைய வீட்டை வாங்கி அதில் தொழுதுவந்தார்கள். பின்வளவில் குவிமாடத்துடன் மண்டபம் கட்ட விரும்பினார்கள். மாதிரிக்கு, ஒட்டோமான் சுல்தான்கள் காலத்தில் துருக்கியில் தங்கள் நகரில் கட்டப்பட்ட பள்ளிவாசலின் கைவரைபடத்தைத் தந்திருந்தார்கள். அதில் தெருப்பக்கச் சுவர் ஒரு முனையில் மூன்றடித் தடிப்பு, மறுமுனையில் எட்டடி. அளந்தவரின் பிழை என்று எண்ணி இரண்டையும் சமமாக்கினேன். மண்டபத்தை வளவின் எல்லைக்கு நேராக நிறுத்தினேன். மறுநாள் பத்து மணிக்கு அது நகரசபைக்குப் போக வேண்டும். அங்கே ஏற்றுக்கொண்டால் அப்படியே கட்டிவிடுவார்கள்.

ஐந்து மணிக்கு, ஓர் அளவைச் சரிபார்க்க அந்த வீட்டுக்குப் போனேன். பகலில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு அந்த வீட்டையும் கவனிக்கும் பராமரிப்பாளர் கதவைத் திறந்துவிட்டுத் தேநீர் போடப் போனார். சப்பாத்தைக் கழற்றி உள்ளே போனேன். விளக்குப் போடவில்லை. கம்பளம் சுவர்களுக்குச் சரிவாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மூலையைப் பிடித்து நேராக்க இழுத்தேன். அசையவில்லை. ஆட்கள் அமர்ந்திருக்கும் பாயை இழுப்பதுபோல் இருந்தது.

குனிந்தபோதுதான் தேய்வுகளைக் கண்டேன். இரண்டு முழங்கால், ஒரு நெற்றி, அடுத்து இன்னொன்று. வரிசை வரிசையாக, எல்லாம் என்னை நோக்கி. பலர் ஒன்றாக மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம்.

"கொஞ்சம் விலகுங்கள். தொழுகிறவர்களுக்கு முன்னால் நிற்கிறீர்கள்" என்று பின்னால் பராமரிப்பாளர் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

ஒருவரும் இல்லையே என்றேன். கம்பளம் கைவரைபடத்திலுள்ள அந்தப் பழைய பள்ளிவாசலில் கிடந்தது, அங்கே புதிது விரித்தபோது இங்கே அனுப்பினார்கள் என்றார். தேய்த்தவர்கள் அவருடைய தகப்பன் பிறக்கும் முன்பே இறந்தவர்களாம். அந்தப் பள்ளிவாசலின் தெருப்பக்கச் சுவரைப் பற்றிக் கேட்டேன். தெரு பள்ளிவாசலுக்கு முந்தியது; வெளிச்சுவர் தெருவோடு போகும், உட்சுவர் மக்காவை நோக்கித் திரும்பும், அந்தத் திருப்பத்தைத் தடிப்புத்தான் தாங்குகிறது என்றார். இங்கே மக்கா மேற்கிலிருந்து சற்று வடக்கே; கம்பளம் அந்தத் திசைக்குத்தான் சரிந்து கிடந்தது. என் படத்தின்படி கட்டினால் எல்லோரும் பக்கத்து வீட்டுக் கராஜைப் பார்த்துத் தொழுவார்கள்.

"உங்கள் படம் சரிதானே?" என்றார்.

நாளை பத்து மணிக்குள் சரியாகிவிடும் என்றேன். சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தேன்.

வீட்டில், முன் ஹோலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன் போலும். குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, மூலையைப் பாத்துக்கொண்டு சரிஞ்சு நிக்கிறியள்? ஆருக்கு வழி விடுறியள்?"

ஒருவருக்கும் இல்லை என்றேன். ஆனாலும் ஓரமாகத்தான் போய்க் கதிரையில் இருந்தேன்.

மறுநாள் முதல் ரயிலில் போனேன். பலகையைத் துடைக்கவில்லை, பென்சிலும் சீவவில்லை. புதிய தாளை விரித்து, முதலில் மக்காவை நோக்கிய அந்தச் சரிந்த கோட்டை வரைந்தேன்.