ஒட்டியிருந்த கடைசிப் பக்கம்

மூன்றாம் தரத்தின் வாசிப்பு மூலைக்கு நான்தான் கதைப்புத்தகங்கள் தெரிவு செய்தேன். மன்னார்க் கரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமென்று, புயலில் அகப்பட்ட மீனவர் வீடு திரும்பும் கதையையும் எடுத்தேன். என் வகுப்பு ஜெனிற்றா ஒவ்வொரு வெள்ளியும் அதையே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் காலையில் பார்த்தால், கடைசிப் பக்கம் பசையால் ஒட்டியிருந்தது.

"ஏனம்மா ஒட்டினனீங்கள்?" என்று ஜெனிற்றாவிடம் கேட்டேன்.

"அதில அப்பா திரும்பி வாறார், டீச்சர்."

அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அது எனக்குத் தெரியும். புத்தகத்தைத் தெரிவு செய்தபோது படங்கள் வடிவாயிருக்கின்றன என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். வரவு இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன்.

இப்போது எந்தப் புத்தகத்தையும் முழுதாக வாசித்து, வகுப்பிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் நினைத்த பிறகே அடுக்குகிறேன். அந்தப் புத்தகத்தை மட்டும் அகற்றவில்லை. இந்த வெள்ளியும் அவள் கேட்டாள். ஒட்டியபடியே கொடுத்தேன்.