பியெர்க் மரத்தில் ஓர் இளங்கொடி

ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். கன்றுகள் பிறந்து பனியும் கரைந்ததும் என் கணவர் மாட்டுப் பண்ணை வேலையை விட்டு, ஒஸ்லோவின் குரோருட் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நானும் மகள் அபிராவும் நம்பினோம். யாழ்ப்பாணத்திலிருந்த அவருடைய அக்காவோ, தம்பி ஒரு பால் பண்ணையில் பொறுப்பான வேலையில் இருப்பதாக நம்பினார். ஊரில் யுத்தம் ஓய்ந்திருந்த வருடங்கள் அவை. தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "தம்பி நாளுக்கு எத்தனை போத்தில் கறக்கிறான்?" என்று கேட்பார். அங்கே யாரும் பால் கறப்பதில்லை, அவை இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகள் என்று அவரிடம் சொல்லும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை.

ஒஸ்லோவில் அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்த விடுதி மூடப்பட்டபோது கிடைத்த வேலை அது. வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். ஊலா என்ற அறுபது கடந்த மனிதர், தனியாள், முழங்கால் தேய்ந்து மாடுகளைப் பார்க்க முடியாமல் துணைக்கு ஆள் தேடியிருந்தார். வெள்ளை முகமும் செம்பழுப்பு உடலுமாகப் பத்துப் பன்னிரண்டு பசுக்கள். குளிர்காலம் முழுவதும் அவை கொட்டிலுக்குள் நின்று, பிளாஸ்டிக் சுற்றிப் புளிக்கவைத்த புல்லைத் தின்னும். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் புளித்த வாடையோடு அவர் வீட்டுக்கு வருவார். ரயிலில் பக்கத்து இருக்கை எப்போதும் தனக்கே கிடைக்கிறது என்று சிரிப்பார். அபிரா யன்னலைத் திறந்துவிட்டுக் கேட்பாள்: "அப்பா, நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டீங்கள். ஆனா மற்றவை சாப்பிட வளத்துக் குடுப்பீங்கள். அது என்ன ஞாயம்?"

"நீ கணக்குப் படிக்கிறாய். அதைச் சாப்பிடுறனியே?" என்பார் அவர்.

அந்த வசந்தத்தில், நான் உதவியாளராக வேலைசெய்த பாலர் பாடசாலைக்கு ஈஸ்டர் விடுமுறை விட்டபோது, உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வடையின் நடுவிலிருந்த ஓட்டையைக் கண்டதும் ஊலா அதைத் தங்கள் ஊர் இனிப்புப் பணியாரம் என்று எண்ணி, காட்டுப்பழ ஜாமைத் தடவிச் சாப்பிட்டார். "நல்லது. சீனி கொஞ்சம் குறைவு" என்றார். என் கணவர் திருத்தவில்லை. எனக்கும் கண்ணைக் காட்டினார்.

அன்று பிற்பகல் ஒரு பசு கன்று ஈன்றது. கன்று எழுந்து பால் குடித்த பிறகும் அவர் பசுவின் பின்னாலேயே நின்றார். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்ததும், பசு தின்பதற்கு முன் அதை எடுத்துச் சாக்கில் கட்டினார். பசு அதைத் தின்றால் பால் வற்றும், பால் வடியும் மரத்தில் உயரக் கட்டினால் மடி நிறையும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே ஆலமரத்துக்கு எங்கே போவது? பட்டை பாலைப்போல வெள்ளையாக இருந்த ஒரு பியெர்க் மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார். ஊலா ஊன்றுகோலோடு வந்து அண்ணாந்து பார்த்தார். "அதை மாடே தின்றுவிடுமே. இப்படித் தொங்கவிட்டால் நரி வரும்" என்றார். தன் உடைந்த நோர்வேஜிய மொழியில் என் கணவர் விளக்கினார். ஊலா, சரி சரி என்பதுபோல, "யா, யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பனி கரைந்தது. மாடுகளை வெளியே விட்ட நாளில், கிழப் பசுக்கள்கூடக் கன்றுகள்போலத் துள்ளிக்கொண்டு ஓடியதாகத் தொலைபேசியில் சொன்னார். திரும்பி வருவதைப் பற்றிச் சொல்லவில்லை. பிறகு, புல் வெட்டும் வரைக்கும் என்றார். பிறகு, காட்டு மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்கும் வரைக்கும். வெள்ளிக்கிழமைகள் இரண்டு வாரத்துக்கு ஒன்றாயின. சமைத்தவற்றைப் பாதியாகப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வசந்தத்தில் நான் போய் இறங்கியபோது அவர் பின்வயலில் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். முற்றத்தில் ஊலா, மடங்காத முழங்காலை இழுத்து ஏணியில் இரண்டு படி ஏறி, அதே பியெர்க் மரத்தில் ஓர் இளங்கொடிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். "இந்த உயரம் நரிக்கு எட்டாது" என்று என்னிடம் சொன்னார். "உன் கணவனுக்கும் பிடிக்கும்." கணவரை இனி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்பதற்காக ரயிலில் வரும்போது நான் சேர்த்துவைத்திருந்த நோர்வேஜிய வாக்கியங்கள் எல்லாம் அந்த ஏணியடியில் நின்றுவிட்டன. ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் ஊலா, பண்ணையிலேயே இருந்த சிறிய வீட்டில் குடும்பத்தோடு குடியிருந்து பண்ணையைப் பொறுப்பெடுக்கும்படி என் கணவரைக் கேட்டார். அபிரா பள்ளியை விட்டு வரமாட்டேன் என்றாள். அவருடைய முடிவைக் கேட்பதற்காக நான் போன நாள், கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்திருந்தார்கள். வேலிப் படலையின் இரு பக்கமும் கதறல். பக்கத்தில் நின்ற கணவரோடு உரத்துத்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"இதுகள் எத்தனை நாளைக்குக் கத்தும்?"

"மூண்டு நாலு நாள். பிறகு பழகிடும்."

"தாய்க்கோ, கண்டுக்கோ?"

அவர் படலைக் கொளுக்கியை இழுத்துப் பார்த்தார். "நீங்கள் வீட்டை வாறீங்களோ இல்லையோ?" என்று கேட்டேன்.

"பதினாலு வருசம் ஒஸ்லோவில வேலை செய்தனான்" என்றார். "ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. இஞ்சை எந்தக் கண்டை வைக்கிறது, எதைக் குடுக்கிறது எண்டு மனுசன் என்னைக் கேக்குது." பிறகு, "நீயும் வாவன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடமும் என் பாலர் பாடசாலையில் குழந்தைகள் நாள் முழுதும் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை விட்டு வர முடியாது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். புரிந்துகொள்ளக் கூடியவராகத்தான் எப்போதும் இருந்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். ஞாயிறு மாலை அவர் என்னைச் சிறிய ரயில் நிலையத்துக்குக் கூட்டிவருவார். ரயில் நகர்வதற்கு முன்பே அவர் முதுகு திரும்பிவிடும். மாடுகளுக்குத் தீனி போடும் நேரம் அது. வயல்கள் முடிந்து தொடர்மாடி வீடுகள் தொடங்கும் இடத்தில் நான் என் சாவியைத் தேடத் தொடங்குவேன். அபிரா படிப்பதற்காகத் திரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போய்விட்டாள். பண்ணையில் அவரும் ஊலாவும் மாடுகளும் இருக்கிறார்கள். குரோருட் வீட்டில் நான் இருக்கிறேன்.