சும்மா ஏற்றிப் போன பஸ்

நான் மாமா வீட்டில் வளர்ந்தவள். மாமாவிடம் இருந்தது ஒரே ஒரு பஸ். முன்னால் கம்பியைப் போட்டுச் சுழற்றினால்தான் கிளம்பும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடி, சாரல் காலத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் வருஷம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒரு சாரலுக்குத் திருநெல்வேலிக் கம்பெனிக்காரர்கள் அதே ரோட்டில் புது பஸ் ஒன்றை விட்டார்கள். சீசன் முடியும்வரை சும்மா ஏறலாம், குளிக்கத் துண்டும் உண்டு என்று தண்டோரா போட்டார்கள். மாமா வண்டி காலியாக ஓடியது. அதைத் தங்களுக்கே விற்றுவிடும்படி ஆள் வேறு அனுப்பினார்கள்.

வந்த ஆளுக்கு மோர் கொடுத்து வழியனுப்பிய மாமா, கீழப்பாவூரிலும் வாசுதேவநல்லூரிலும் இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் வரும்படி சொல்லிவிட்டார். வீடு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. மறுநாள் காலை அத்தை எங்கள் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி பஸ்ஸை நிரப்பினாள்.

கண்டக்டருக்கு அத்தையைத் தெரியும். “ஒங்களுக்குத்தான் சொந்தத்துல பஸ்ஸு இருக்குல்லா?”

“அதுல துட்டு கொடுக்கணும்வே,” என்றாள் அத்தை. பிறகு என்னிடம், “ஏட்டி, நிமிந்து உக்காரு. யாருக்குப் பயப்படுத?”

போனோம், குளித்தோம், திரும்பினோம், மறுபடி ஏறினோம். தினமும் இதே வேலைதான். இடம் கிடைக்காத ஜனங்கள் மாமா வண்டிக்கு வந்தார்கள். எனக்கோ தினமும் அருவி. அதைவிட வேறென்ன வேண்டும்? சாரல் முடியுமுன்பே கம்பெனி பஸ் ஊரைவிட்டுப் போனது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் மட்டும் அழுதேன்.

அடுத்த வருஷம் மாமா இரண்டாவது பஸ் வாங்கிக் குற்றாலத்துக்கு வரும் பண்பொழி ரோட்டில் விட்டார். அங்கே ஏற்கெனவே ஒருவர் பழைய பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். மாமாவும் தண்டோரா போட்டார்: சும்மா ஏறலாம், துண்டும் உண்டு. வீட்டில் குவிந்து கிடந்த கம்பெனித் துண்டுகள்தான் அவை.

முதல் நாள் நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பண்பொழியில் ஒரு பெரிய குடும்பமே திமுதிமுவென்று ஏறியது. என் வயசுப் பெண் ஒருத்தி விறைப்பாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கப்பாட்டயும் பஸ்ஸு இருக்கு,” என்றாள்.

“பொறவு ஏன் இதுல வாரிய?”

“அதுல துட்டு கொடுக்கணும்லா.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். வண்டியைக் கிளப்பக் கம்பியைக் குனிந்து பிடித்த மாமா, அவள் சொன்னதைக் கேட்டதும் ஏன் சுழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.