மாசாய் வருவதற்குள் முடியும் கதைகள்

தம்போயிலிருந்து பிளந்தோங், மாசாய் வழியாகப் பாசிர் கூடாங்குக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில், மூன்றாவது வரிசை ஜன்னலோரம் ஷாமளாவின் இடம். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் பதினொரு வருடமாகப் போய்வருகிறாள். வழியெல்லாம் போனில் மின்நூல்தான். எழுதியவர்களே இலவசமாகக் கொடுத்தவை, உரிமைக் காலம் முடிந்தவை என்று தேடித் தேடி அறுநூற்றுச் சொச்சம் நூல்கள் சேர்த்திருந்தாள். பக்கத்தில் உட்காரும் கஸ்தூரிக்கு ஒன்று அனுப்பப் போய், பின்வரிசைப் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர்களுக்காக அவள் போட்ட நூல் பட்டியல்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. ஒரே எழுத்தாளரின் பெயர் நாலு விதமாக இருந்தது. கணினியோடு வந்த டெக்ஸ்ட் எடிட்டர் செயலியில் திறந்தால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். இன்னொன்றில் எழுத்து ஒழுங்காக வந்தது. தேடினால்தான் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவதாகக் கிடைத்த சின்ன எடிட்டர் அவள் சொன்னபடி கேட்டது. வரிக்கு ஒரு நூல் என்று பொறுமையாக அடுக்கினாள்.

ஒரு சனிக்கிழமை, பெயர்களின் முன்னெழுத்துப் புள்ளிகளை ஒரே அடியாக நீக்க நினைத்து, தேடும் கட்டத்தில் புள்ளியைப் போட்டு, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு, 'எல்லாவற்றையும் மாற்று' என்று தட்டினாள். அவள் திறந்து வைத்திருந்த தேடல் முறையில் புள்ளி என்றால் 'எந்த எழுத்தானாலும் சரி' என்று அர்த்தம். அத்தனை வரியும் வெறுமையானது. கைப்பழக்கத்தில் சேமித்து மூடியும் விட்டாள்.

உடனே கஸ்தூரிக்குப் போன் போட்டாள். "அக்கா, போன வாரம் அனுப்பின லிஸ்ட் இருக்கா?"

"இருக்கு லா. ஏன் அழுவுற மாதிரி பேசுற?"

விஷயத்தைக் கேட்டதும், "அலமாக்!" என்று சிரித்துவிட்டு லிஸ்ட்டை அனுப்பினாள் கஸ்தூரி. "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? இத பாத்து நான் ஒரு புக்கும் எடுத்ததில்ல."

"ஏன்க்கா?"

"சமூகம், வரலாறுன்னு வகை பிரிச்சுப் போட்டிருக்க. மாசாய் வர்றதுக்குள்ள முடியுமா, அதான் எனக்கு வேணும். பாதியில நின்னா வேலையில மனசே ஓடாது."

ஷாமளாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயமாகவும் பட்டது. திங்கட்கிழமை காலை, மாசாய் வருவதற்குள் கஸ்தூரி எத்தனை பக்கம் படிக்கிறாள் என்று பக்கத்திலிருந்தே கணக்கிட்டாள். ஒவ்வொரு கதையையும் எடிட்டரில் திறந்தால், அதன் சொற்களின் எண்ணிக்கை கீழ்ப்பக்கம் தெரிந்தது. பழைய வகைகளை அழித்துவிட்டு, பஸ் எந்த இடம் வருவதற்குள் கதை முடியும் என்று அதை வைத்துப் பார்த்து, 'பிளந்தோங்', 'மாசாய்', 'தொழிற்சாலை கேட்', 'லீவுக்கு' என்று புதிதாகப் போட்டாள். கை வைக்கும் முன் கோப்பைப் பிரதியெடுத்து, தேதியைப் பெயராக வைக்கவும் பழகிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில், அதுவரை புத்தகப் பக்கமே வராத தனலெட்சுமி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஷாமளா, முன்னால ஒரே ஜாம். கொஞ்சம் நீளமா ஒண்ணு குடேன்."

"அழுகையா, சிரிப்பா?"

"காலையிலயே யாரு அழுவா? சிரிப்பு குடு."

ஷாமளா தேடி அனுப்பினாள். சற்று நேரத்தில் பின்னால் தனலெட்சுமி களுக்கென்று சிரிப்பது கேட்டது. எந்த இடத்துக்குச் சிரிக்கிறாள் என்று ஷாமளாவுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல், தன் நாவலைத் திறந்து, நிறுத்திய பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.