எத்தனை பேரில் எத்தனை பேர்

மேலிருந்து கீழாகக் கூட்டி முடித்ததும், கடைசி வரியில் விரலை வைத்துக் கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டுவார். இரண்டு விடையும் ஒத்துப்போனால் உதட்டை லேசாக மடித்துக்கொள்வார். அவருடைய மகிழ்ச்சி அவ்வளவுதான். ஒத்துப்போகாவிட்டால் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து முதலிலிருந்து தொடங்குவார். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போட்டுத் தருவதை ஏன் கையால் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "அது தப்பாப் போட்டா அதுக்கு யாரு மெமோ குடுக்கிறது?" என்பார்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அவர் கண்காணிப்பாளர். அறுபத்து மூன்று கல்லூரிகளை இளநிலைப் பட்டத் தேர்வு முடிவின்படி வரிசைப்படுத்தும் பட்டியல் பத்தொன்பது வருடங்களாக அவருடைய மேசையிலிருந்துதான் வெளியே போகிறது. தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், சதவீதம், இடம் என்று நான்கே கட்டங்கள். பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப் போடும். முதல் பத்து இடங்களுக்குள் வந்த கல்லூரிகள் பேருந்து முதுகில் விளம்பரம் ஒட்டும். தொடர்ந்து கடைசி இடத்தில் நின்ற ஒரு கல்லூரியை மூன்றாம் வருடம் பூட்டிவிட்டார்கள். பூட்டிய செய்தியைப் படித்தபோது, அந்த வருடக் கூட்டலைக் கோப்பிலிருந்து எடுத்து இன்னொரு முறை சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அலுவலகத்தில் அவருக்கு 'சதவீத அக்கா' என்று பெயர். 'எல்லாரும்', 'நிறையப் பேர்' என்ற சொற்கள் அவர் காதுக்கு ஆகாது. முட்டி வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர், "இதுல பெரும்பாலும் எல்லாருக்கும் கொறஞ்சிடும்" என்று சொல்ல, "எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு, டாக்டர்?" என்று நிதானமாகக் கேட்டார். மருத்துவர் சீட்டை வாங்கி வேறு மாத்திரை எழுதினார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறார். தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள். இருபது வயதாகியும் வீட்டில் அவள் 'பாப்பா'தான். தலை பின்னிவிட்டதிலிருந்து பல்வலிக்கு அழைத்துக்கொண்டு ஓடியதுவரை எல்லாம் அத்தைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பாப்பா, நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டாள். பள்ளித் தோழிகள் அங்கேதான் சேர்ந்திருந்தார்கள். "நாப்பத்தொண்ணாவது எடத்துலயா போய்ப் படிப்ப?" என்று அத்தை கேட்டார். முதலிடத்துக் கல்லூரியின் ஐந்து வருடக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்தார். தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். முதலிடத்திலேயே சேர்த்தார்கள்.

இந்த வருட முடிவுகள் வந்தன. அந்தக் கல்லூரியில் எழுதியவர் நூற்று நாற்பத்தெட்டு, தேறியவர் நூற்று நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருடத்தில் முழு நூறு எடுத்த கல்லூரி அதுதான். உதட்டை மடித்துக்கொண்டார். அப்புறம், அலுவல் நேரத்தில் சொந்த வேலை பார்க்காதவர், மனம் கேட்காமல் மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தார். பாப்பாவின் பதிவெண் அவருக்கு மனப்பாடம். 417 இருந்தது. அடுத்து 419. நடுவில் இருக்கவேண்டிய எண்ணைக் காணோம்.

தோற்றிருந்தால் எண்ணுக்கு எதிரே ஒரு குறி இருக்கும். வராமல் போயிருந்தால் வேறு குறி இருக்கும். எண்ணே இல்லையென்றால் என்ன பொருள் என்று கம்ப்யூட்டர் இயக்குபவரிடம் கேட்டார்.

அவர் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த நம்பருக்கு ஹால் டிக்கெட்டே போடலை. காலேஜ்லருந்து பேரே அனுப்பலை" என்றார்.

அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்து எண்களைப் பக்கத்தில் வைத்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். இறுதியாண்டில் படித்தவர்கள் நூற்று எழுபத்து நான்கு. இருபத்தாறு எண்கள் விட்டுப்போயிருந்தன. மற்றக் கல்லூரிகளில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. படித்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் எண்பத்தைந்து புள்ளி பூஜ்யம் ஆறு. பத்தொன்பதாவது இடம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாப்பா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, உன் நம்பர் இல்லையே."

கையிலிருந்த அப்பாவின் சட்டையை முழுக்க மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் பேசினாள். "தெரியும் அத்தை."

"ஃபெயிலானவங்க நம்பர்கூட இருக்கும்மா. உன்னுது இல்லவே இல்ல."

"மாடல் எக்ஸாம்ல ரெண்டு பேப்பர் போச்சு. ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிட்டாங்க. சொந்தக் காரணத்தால இந்த வருஷம் எழுத விருப்பமில்லைன்னு டைப் அடிச்சே வச்சிருந்தாங்க. பேரை மட்டும்தான் நாங்க எழுதினோம்."

எத்தனை பேர் என்று அத்தை கேட்கவில்லை. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"உங்ககிட்ட எப்படி அத்தை சொல்றது? உங்க லிஸ்ட்டுக்காகத்தானே பண்றாங்க."

குத்திக்காட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

தம்பி வேலையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். ஆறு தேர்வு நாளும் வண்டியில் கொண்டுபோய்க் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டவர் அவர். திரும்பி வந்தபின் "எப்படிம்மா எழுதின?" என்று ஆறு நாளும் கேட்டவர். ஆறு நாளும் "நல்லா எழுதியிருக்கேன்பா" என்று பதில் வந்தது.

"அப்ப அந்த மூணு மணி நேரமும் எங்க இருந்த?"

"பின்பக்க கேட் வழியா வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன்."

தம்பி மகளைத் திட்டவில்லை. அக்காவைப் பார்த்தார். "நீ சொன்னேன்னுதான்க்கா சேத்தேன்" என்றார். கிரீஸ் துணியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அக்காவிடம் அவர் பேசுவது, தண்ணீர் மோட்டார் போட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்ற அளவில்தான்.

மறுநாள் அக்கா பட்டியலில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தார்: 'பயின்றோர்'. சதவீதத்தை அதை வைத்துத் திருத்திப் போட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எடுத்துப்போனார். அலுவலர் நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இந்தக் கட்டம் இப்ப இல்லையே மேடம்."

"இல்ல சார். இருக்கணும். இருபத்தாறு பேரை எழுதவே விடாம நூறு வாங்கியிருக்காங்க."

"அவங்களா எழுதிக்குடுத்த லெட்டர் இருக்கும். நாம என்ன பண்ண முடியும்? விதின்னு ஒண்ணு இருக்கில்ல." மணியடித்துப் பழைய கோப்பு ஒன்றை வரவழைத்து, அடையாளச் சீட்டு ஒட்டியிருந்த பக்கத்தை அக்கா பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்க."

பதினேழு வருடத்துக்கு முந்தைய அலுவலகக் குறிப்பு. 'பயின்றோர் எண்ணிக்கை என்னும் கட்டம் பட்டியலின் அகலத்தை மிகுதிப்படுத்துகிறது. தாளில் அடங்கவில்லை. இதனால் பெரும் பயனும் இல்லை என்பதால் நீக்கலாம் எனப் பணிந்து பரிந்துரைக்கிறேன்.' கீழே கையெழுத்து. அக்காவுடைய கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதியிருந்தார். எழுதிய நாள்கூட நினைவில் இல்லை.

அவர் அதை ஒருமுறை படித்தார். வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் முறை படிக்கவில்லை.

பட்டியல் நான்கு கட்டங்களோடு வெளியானது. கல்லூரி வாசலில் 'நூற்றுக்கு நூறு' என்று ஆளுயரப் பலகை வைத்தார்கள். பாப்பாவுக்கு மாற்றுச் சான்றிதழைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். 'நடத்தை: நன்று' என்று அதில் இருந்தது. தம் பழைய குறிப்பை ரத்துசெய்யக் கோரி அவர் ஒரு புதுக் குறிப்பு எழுதி, விடுபட்ட இருபத்தாறு எண்களையும் இணைத்து மேலே அனுப்பினார். கோப்பு மூன்று மாடி ஏறியது. 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல்லோடு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒருநாள் கூட்டல் ஒத்துப்போகாமல் எழுந்து முகம் கழுவப் போனவர், அரை மணி நேரம் ஆகியும் திரும்பவில்லை. ஒரு பெண் ஊழியர் போய்ப் பார்த்தபோது, குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றிருந்தாராம்.

பாப்பா இப்போது ஒரு மருந்துக்கடையில் பகல் முழுக்க வேலை செய்கிறாள். கடையில் யாராவது என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டால், காது கேட்காதவள் மாதிரி உள்ளே மருந்து எடுக்கப் போய்விடுகிறாள். தனித்தேர்வராக ஆறு தாளும் எழுதலாம் என்று அத்தைதான் சொன்னார். அதற்குச் சம்மதம் வாங்கவே நான்கு மாதம் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விண்ணப்பத்தை மேசையில் விரித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். தம்பி கதவோரம் நாற்காலி போட்டுப் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தைத் திருப்பவில்லை. பாப்பா பெயர் எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். 'பயின்ற கல்லூரி' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"இதுல என்ன போடறது அத்தை?"

அத்தை பேனாவை வாங்கினார். அந்தக் கட்டத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, மெதுவாக, ஒரே ஒரு கோடு இழுத்தார்.