கட்டிலுக்கு ஒரு கேங்வே

"ஒரே ஊசி போதும் தம்பி. கஷ்டம் தெரியாம முடிச்சிரு. நான் வெளிய நிக்கேன்."

கால்நடை டாக்டராக நான் தனியாகப் போன முதல் வீட்டில் கேட்ட முதல் பேச்சு இது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலம். கல்கத்தாவுக்குப் பேர் மாறியிருந்தாலும் நாங்கள் கல்கத்தா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். மூட்டுத் தேய்மான நாய்களை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் கேட்கிறார்கள். மருந்துப் பேரை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதனால் இந்த ஒரு கேஸை முழுதாக எழுதுகிறேன்.

1. முடித்துவைக்கப் போன வீடு

அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து முடித்து டாலிகஞ்சில் ஒரு தனியார் கிளினிக்கில் ஜூனியராகச் சேர்ந்தேன். அங்கே பெரிய டாக்டர் வங்காளி. என் பேர் செல்வம். அவர் வாயில் அது 'ஷெல்பம்' ஆகிவிடும். கிடர்பூரிலிருந்து வரும் போனெல்லாம் என் தலையில்தான், நான் அங்கேயே குடியிருந்ததால்.

அன்றைக்கும் கூப்பிட்டார். அவர் வங்காள மொழியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஷெல்பம், உங்க ஊர்க்காரர் ஒருத்தர். நாய் எழுந்திருக்கலையாம், முடிச்சுடணுமாம். போய்ப் பாரு. நிஜமாவே முடிக்கணும்னா போன் பண்ணு, நான் மருந்தோட வரேன். நீயா எதையும் செஞ்சுடாதே, கேட்டியா?"

ஊர்க்காரர் என்றால் சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். குவார்ட்டர்ஸில் கீழ்த்தளத்து வீடு. பாதி அல்சேஷனும் பாதி தெருவுமான அவருடைய நாய்க்கு சாரங்கு என்று பேர். கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருப்பவரைச் சாரங்கு என்பார்கள். குட்டியிலேயே எல்லோரையும் குரைத்து வேலை வாங்கியதால் அந்தப் பேர்.

நான் போனபோது அந்த மேஸ்திரி சிவப்பு சிமெண்டுத் தரையில் மூலையில் கிடந்தது. என்னைப் பார்த்து வாலை மட்டும் தரையில் இரண்டு தட்டு தட்டியது. எழ முயன்றது. கண்ணாடி போல மழமழத்த அந்தத் தரையில் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போயின.

"பாத்தியா? இதைத்தான் நான் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்காரி பகவதி அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் பலமாக வந்துகொண்டிருந்தது.

2. ஆளுக்குப் பாதி

ஈறு வெளுத்திருந்தது. இரண்டு நாளாக வாந்தி. வெளிக்குப் போனது தார் மாதிரிக் கறுப்பு என்றார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். உள்ளே கட்டியாக இருக்குமோ என்று பயந்தேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?"

"எனக்கு முட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததுதான். கிரேன் ஏணில ஏறி எறங்கி என் முட்டும் போச்சுல்லா. ஒண்ணை ஒடச்சு ஆளுக்குப் பாதி."

"எத்தனை நாளா?"

"மழை தொடங்கினதுலேருந்து. எனக்குக் கேக்குது, அவனுக்குக் கேக்காதா?"

அடுப்படியிலிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது. "அன்னைக்கே சொன்னேன் தம்பி, வாயில்லா ஜீவனுக்கு மனுச மாத்திரை வேண்டாம்னு. இவரு பெரிய டாக்டரு! கிரேன்ல ஒக்காந்து படிச்சவரு!"

எனக்கு அப்போது வந்த நிம்மதியை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரைகளில் பலவும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சாரங்கைச் சாகடித்துக்கொண்டிருந்தது மூட்டு வியாதி இல்லை, அந்தப் பாதி மாத்திரை. நிறுத்தினால் பிழைக்க வழி உண்டு.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன்.

"ஊசி போடச் சொன்னா உயிர்ப்பிச்சை கேக்குறியா? பொழைக்குமா?"

"பொழைக்கும்னு தோணுது சார்."

"தோணுறதுக்கெல்லாம் மருந்து கிடையாது. வந்து டிரிப்பை எடுத்துட்டுப் போ. வயித்துக்கு என்ன குடுக்கணும்னு எழுதி வைக்கிறேன்."

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் அதிர்ந்துபோனார். கொஞ்ச நேரம் சாரங்கு பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு கெடு வைத்தார்.

"விஸ்வகர்மா பூஜை வரைக்கும் பாப்போம். வருசா வருசம் எங்கூட கிரேனடிக்கு வந்து பொட்டு வாங்கிட்டுப் போறவன் இவன். அன்னைக்கு அவனா நடந்து வரலைன்னா ஒன் பெரிய டாக்டரக் கூட்டிட்டு வந்துரு. வலியோட வச்சிருக்கது பாவம் தம்பி. பேச்சு மாறக் கூடாது."

மாற மாட்டேன் என்று சொன்னேன். கல்கத்தாவில் யந்திரங்கள் இருக்கும் இடத்திலெல்லாம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தப் பூஜை வரும். அதுவரை எங்களுக்கு நேரம்.

3. சாக்கும் லெரோ பிஸ்கட்டும்

வயிறு அடங்கியதும் எக்ஸ்ரே எடுத்தோம். நாயை ஏற்றச் சம்மதித்த டாக்ஸிக்காரருக்கு அண்ணாச்சி வழியெல்லாம் நன்றி சொன்னார். இடுப்பு மூட்டு இரண்டிலும் தேய்மானம். தீர்க்க முடியாது, சமாளிக்கலாம். பெரிய டாக்டர் வெளிநாட்டு மூட்டு மாத்திரை, தனி உணவு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம் விடுங்க. முதல்ல இளைக்க வைங்க. அதுக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க."

இது எளிதென்று நினைத்தேன். சாரங்கோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்கும்வரை. படுத்துக் கிடந்த நாளிலும் தீனி அதைத் தேடி வந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் டீயில் முக்கித் தின்கிற கெட்டி லெரோ பிஸ்கட் கொடுத்தனுப்புவார். பக்கத்து வீட்டு வங்காளி அக்காவை எல்லோரும் பௌதி என்போம், அவர் வீட்டு மைதா பூரி, அதுதான் லுச்சி, ஜன்னல் வழியாக வரும். ராத்திரி பகவதி அக்காவின் நெய் போட்ட சோறு. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. தான் மட்டும்தான் கொடுக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

பௌதியிடம் போய்ச் சொன்னேன். "ஒரு லுச்சியில என்னப்பா ஆயிடும்?" என்றார். உங்கள் லுச்சியின் கனத்தையும் அது இடுப்பில்தான் தூக்கணும் பௌதி என்றேன். கோபித்துக்கொண்டார். ஆனால் நிறுத்திவிட்டார். அவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது என்பதால் வெள்ளரிக்காய்த் துண்டுக்கு மாறினார். சாரங்கு அதையும் தின்றது.

அடுத்து தரை. நாய் எழும்போது கால் வழுக்கினால் ஒவ்வொரு வழுக்கலும் மூட்டுக்கு ஓர் அடி. ரப்பர் மேட் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிடர்பூரில் சாக்குக்குப் பஞ்சமா? பழைய சணல் சாக்குகளைக் கடையில் வாங்கி, கொதிநீரில் அலசிக் காயவைத்து, பகவதி அக்கா ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார். மூலையிலிருந்து வாசல் வரைக்கும் சாக்குப் பாதை. அதில் கால் பிடித்தது.

பழைய காலுறையில் அரிசி போட்டுக் கட்டி, தோசைக்கல்லில் வாட்டி, நம் கையில் சூடு பார்த்து இடுப்பில் ஒத்தடம். நாய்க்கான வலி மருந்தை எடை பார்த்துச் சில நாட்களுக்கு மட்டும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையும் சாயங்காலமும் கயிறு கட்டிக் கொஞ்ச தூரம் மெதுவான நடை. ஒரேயடியாகப் படுக்கப்போட்டால் மூட்டு இன்னும் இறுகிவிடும்.

மழை கொஞ்சம் விட்டிருந்த அந்த நாட்களில் சாரங்கு தானாக எழுந்தது. தெருமுனை வரை போய் டீக்கடைக்காரரைப் பார்த்துக் குரைத்துவிட்டு வந்தது. பூஜைக்கு இன்னும் நாளிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

4. செங்கல்

அப்புறம் ஒரு பெருமழை. மறுநாளே அண்ணாச்சி கிளினிக்குக்கு போன் செய்தார்.

"தம்பி, பழையபடி ஆயிட்டான். ஈரம் ஒத்துக்கிடலை. ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான். நம்ம கையில என்ன இருக்கு?"

பெரிய டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். வழி நெடுகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எடை குறைந்திருக்கிறது, தரை சரியாக இருக்கிறது, மருந்து சரியாக இருக்கிறது. ஈரத்தில் வலி கூடும் என்பது உண்மை. ஆனால் ஒரே ராத்திரியில் நடந்த நாய் இப்படி விழுமா?

வாசலில் சைக்கிள் மணியை அடித்தேன். உள்ளே கட்டில் மேல் படுத்திருந்த சாரங்கு என் மணியை அடையாளம் கண்டு கீழே குதித்தது. முன்னங்கால் தரையில் மோதியது. பின்பக்கம் தொம்மென்று இறங்கியது. 'கீய்' என்று ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டது.

நான் கட்டிலைப் பார்த்தேன். போன வாரம் என் முழங்கால் அளவுக்கு இருந்த கட்டில் இன்றைக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நாலு காலுக்கும் அடியில் செங்கல் அடுக்கு.

"அண்ணாச்சி, இது எப்ப உயர்ந்துச்சு?"

"நேத்து தண்ணி உள்ள வந்துட்டுல்லா. வருசா வருசம் வைக்கதுதான். செங்கல் வைக்காம மெத்தைய நனையவிடவா சொல்லுதே?"

"சாரங்கு எங்க படுக்கும்?"

"எங்கூடத்தான். வேற எங்க படுப்பான்?"

"எப்படி ஏறுவான்?"

அண்ணாச்சி செங்கல் அடுக்கைக் குனிந்து பார்த்தார். பகவதி அக்காதான் சொன்னார். "தாவித்தான் ஏறுவான். தாவித்தான் எறங்குவான். வேற எப்படி?"

கிடர்பூரில் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மழைக்குக் கட்டிலுக்குச் செங்கல் வைப்போம். என் வீட்டிலும் அன்றைக்குச் செங்கல் மேல்தான் கட்டில். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது கண்ணிலேயே படாது. மழை வந்தால் நாய்க்கு வலி என்று எல்லோரும் சொன்னோம். மழை வந்தால் கட்டில் உயரும் என்பதை யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

5. கேங்வே

தரையில் படுக்க வைக்க முடியாது, தண்ணீர் வரும். கட்டிவைத்தால் ஊளையிடும், அண்ணாச்சியும் தூங்கமாட்டார். தூக்கி ஏற்ற அவருக்கு முட்டு இல்லை. நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று யோசித்தோம்.

"கப்பலுக்கு எப்படி ஏறுதோம்? கேங்வே போட்டுத்தானே?" என்றார் அண்ணாச்சி.

அன்று சாயங்காலமே மரக்கடையிலிருந்து ஒரு பலகை வந்தது. குறுக்கே சட்டம் அடித்து, மேலே சாக்குப் போட்டு ஆணி அடித்தார். கட்டிலில் சாய்த்தோம். சாரங்கு முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. சரிவு அதிகம். அதைவிட நீளமான பலகை வாங்கி வந்தார். இப்போது அது அறையின் குறுக்கே வாசல் வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றது. அடுப்படிக்குப் போக ஒவ்வொரு தடவையும் தாண்ட வேண்டும்.

"வீடா இது, கப்பல்தொறையா?" என்றார் பகவதி அக்கா. பௌதி ஜன்னலில் நின்று சிரித்தார்.

அப்போதும் சாரங்கு ஏறவில்லை. அண்ணாச்சி கெஞ்சினார், மிரட்டினார், பலகையைத் தட்டினார். கடைசியில் பகவதி அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டில் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பௌதியிடமிருந்து ஒரு வெள்ளரித் துண்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வா ராசா. எறங்கினா நானும் ஒங்கூட எறங்குதேன். வா."

ஒரு கால் வைத்தது. சாக்கு பிடித்தது. இன்னொரு கால். நடுவில் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மேஸ்திரி கப்பலேறுகிற மாதிரி நிதானமாக ஏறிப் போய் அக்கா மடியில் தலையை வைத்தது. அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அழுத்தினார். வலித்தது.

அதற்குப் பிறகு தாவல் இல்லை. வலி மெல்ல மெல்ல இறங்கியது. விஸ்வகர்மா பூஜை அன்று நான் லீவு போட்டுவிட்டுத் துறைமுக கேட்டில் நின்றேன். தூரத்தில் அண்ணாச்சி வந்தார், கையில் கயிறு தளர்ந்து தொங்கியது. அவருக்கு முன்னால் சாரங்கு, கொஞ்சம் நொண்டியபடி, அவசரமே இல்லாமல். கிரேனடியில் பொட்டு வைத்தார்கள். அது அங்கே நின்றவர்களையெல்லாம் பார்த்துக் குரைத்தது.

"ஒன் பெரிய டாக்டர்கிட்ட சொல்லிரு தம்பி, வர வேண்டாம்னு."

சொன்னேன். பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "அந்தக் கட்டில் விஷயத்தை இனிமே வர்ற எல்லார்கிட்டயும் கேளு," என்றார். இன்றைக்கும் மூட்டு வலி நாய் வந்தால் நான் காலைத் தொடுவதற்கு முன் எங்கே படுக்கிறது, அங்கே எப்படி ஏறுகிறது என்று கேட்கிறேன். முடிந்தால் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன். நீங்களும் கேளுங்கள், போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் வைத்தியம் அங்கேதான் இருக்கிறது. அதற்குச் செலவும் குறைவு.

மழை நின்று செங்கல்லை எடுத்த பிறகும் அந்தப் பலகை அதே இடத்தில் கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் சாரங்கைப் பார்க்கப் போனேன். எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் அக்கா, தாண்டித் தாண்டிக் கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

பகவதி அக்கா உள்பக்கம் கையைக் காட்டினார். கட்டில் மேல் சாரங்கு இறங்குவதற்காக எழுந்து நின்றிருந்தது. அண்ணாச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு பலகையின் கீழ்முனையில் ஒரு காலை வைத்து நின்றிருந்தார்.

"அவன் எறங்கட்டும்னு நிக்காரு," என்றார் அக்கா. "ரெண்டு பேருக்கும் ஒரே வழிதானே இப்போ."