மகளுக்காகச் சுட்ட பன்

எழுபதுகளின் கடைசியில் நெல்லிவாசல்நாடு என்ற மலையூரில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்தேன். முன்னறையில் மருந்து அலமாரியும் பிரசவக் கட்டிலும், பின்னறையில் நான். கணவர் இறந்தபோது மகளுக்குப் பத்து மாதம். வேலை மலையில்தான் என்று ஆனதும், பிள்ளையில்லாத என் அக்கா அவளை வாணியம்பாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம். மூன்று வருடம் ஓடிவிட்டது.

பகலில் ஊசிக்கும் காய்ச்சலுக்கும் ஆட்கள் வருவார்கள். நாலு மணிக்கு மேல் ஒருவரும் வரமாட்டார்கள். ரேடியோவில் பாட்டுக் கேட்டு எழுதியவர்களின் ஊர்ப்பெயர்களை வாசிப்பார்களே, ஒவ்வொரு பெயருக்கும் நான் "சரி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படிச் சொல்கிறேன் என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தை மாதம், குழந்தையை இரண்டு நாள் கூட்டிவருவதாக அக்கா எழுதினாள். இந்த முறை அவளை என்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான்தான் பிரசவம் பார்த்திருந்தேன். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவளிடம் கேட்டேன்.

"என் மூணோட நாலா இருந்துட்டுப் போவட்டும் நர்சம்மா" என்றாள்.

வாணியம்பாடியில் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தில் ஒரு பன் சுடுவார்கள். மேலே வெல்லப்பாகும் வேர்க்கடலையும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் மகள் சோற்றை விட்டுவிட்டு அதற்குத்தான் அழுகிறாள் என்று அக்கா எழுதியிருந்தாள். அந்த வீட்டுப் பெண் என்னோடு படித்தவள். அவளுக்குக் கடிதம் போட்டேன். இன்லண்டு லெட்டர் ஓரம் வரைக்கும் செய்முறை எழுதி அனுப்பினாள். ஒடுகத்தூருக்குச் சாமான் வாங்க இறங்கியபோது அங்கே பேக்கரியில் கெஞ்சி ஒரு பொட்டலம் ஈஸ்ட் வாங்கினேன்.

அவர்கள் வரும் நாள் விடியற்காலையில் மைதாவைப் பாலும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்தேன். குளிரில் மாவு கல் மாதிரி கிடந்தது. பாத்திரத்தை வெந்நீர்க் குண்டானுக்குள் இறக்கி, என் கம்பளியைச் சுற்றி வைத்தேன். ஒன்பது மணிக்குத்தான் உப்பியது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, கம்பளி போத்திக்கினு யாரு படுத்துக்கீறாங்க?"

நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன்.

அலுமினியத் தட்டில் வெல்லம், வெண்ணெய், கொஞ்சம் மலைத்தேன் காய்ச்சி ஊற்றினேன். உடைத்த வேர்க்கடலையைத் தூவி, மேலே மாவு உருண்டைகளை அடுக்கினேன். பெரிய குண்டானில் மணலைச் சூடாக்கி, தட்டை அதற்குள் வைத்து மூடி, மூடிமேல் நெருப்புத் துண்டுகளைப் பரப்பினேன். ஓரங்கள் கொஞ்சம் கருகின. மற்றபடி நன்றாகவே வந்திருந்தது.

பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மணி நேரம் நடந்து வந்தார்கள். மகள் அக்காவின் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். நான் தட்டைக் கவிழ்த்தேன். பாகு வழிந்து இறங்குவதைப் பார்த்ததும் வெளியே வந்தாள். கடலையை மட்டும் பிய்த்துத் தின்றாள். பிசுக்குக் கையை என் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றாள். எனக்கு அசையவே பயமாக இருந்தது.

"சித்தி, இன்னொண்ணு குடு" என்றாள்.

அக்காவின் முகம் செத்துப்போனது. "நான் சொல்லிக்குடுக்கலடி. அதுவா கூப்புடுது."

"பரவால்லக்கா" என்று இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் அழ ஆரம்பித்தாள். அக்காவைப் பார்த்து, "அம்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்மா" என்றாள். நான் தூக்கினேன். உடம்பை விறைத்து, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டாள். எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிய கை என்னுடையது. வேண்டாம் என்று சொல்கிற உடம்பு எப்படியிருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அக்காவிடமே கொடுத்துவிட்டேன். அவள் தோளில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

அக்கா தன் பையை என் பக்கம் நகர்த்தினாள். "நீ கேப்பேன்னு தெரியும். அவ துணி மொத்தத்தையும் எடுத்தாந்துட்டேன். செருப்பு, சிலேட்டு, எல்லாமே."

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கவுனையும் இஸ்திரி போட்டு மடித்திருந்தாள். அவள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. யாரிடமோ கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறாள். நான் கேட்காமலே என்னிடம் விட்டுவிட்டுப் போகத்தான் மலையேறி வந்திருந்தாள்.

"திருப்பி எடுத்துட்டுப் போக்கா" என்றேன்.

"இன்னாடி சொல்ற?"

"இப்ப வேணாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பையை ஜிப் போட்டு வைத்தேன்.

இரண்டு நாள் என்று வந்தவர்கள் மறுநாள் காலையிலேயே கிளம்பினார்கள். பஸ் நிற்குமிடம் வரை கூடப் போனேன். மகள் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். எல்லோருக்கும்தான் ஆட்டினாள், அங்கே நின்ற ஆட்டுக்கும் ஆட்டினாள்.

மிச்சமிருந்த பன்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

"கொழந்த எங்க நர்சம்மா?"

"போய்ட்டா."

அன்று சாயங்காலம் அவள் தன் கடைசிப் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, கொல்லையில் வேலையிருக்கிறது என்று போனாள். இருட்டுகிற நேரத்தில் கொல்லையில் என்ன வேலை இருந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மகளுக்கு ஏழு வயதானபோது எனக்கு மலைக்குக் கீழே மாற்றல் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் என்னோடு வந்து இருந்தாள். முதல் மாதம் பூராவும் சாயங்காலமானால் அக்காவை நினைத்து அழுவாள். அழாதே என்று நான் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.